பட்டா இல்லாத நிலவில் யார் வேலி போடுவது?

2020 டிசம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நிலவின் மண்ணை விலைக்கு வாங்க நான்கு ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. கொலராடோவைச் சேர்ந்த லூனார் அவுட்போஸ்ட் கேட்ட விலை ஒரே ஒரு டாலர். ஜப்பானின் ஐஸ்பேஸும் அதன் ஐரோப்பியக் கிளையும் தலா 5,000 டாலர் கேட்டன. மாஸ்டன் என்ற நிறுவனம் 15,000 டாலர். ஆகமொத்தம் 25,001 டாலர். நிறுவனத்தின் கருவி நிலவில் இறங்கிக் கொஞ்சம் மண்ணை அள்ள வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த மண் அங்கேயே, அந்த நிமிடமே நாசாவின் உடைமையாகிவிடும். பூமிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பத்து விழுக்காடு முன்பணம் என்பது ஏற்பாடு என்பதால், லூனார் அவுட்போஸ்டின் முதல் தவணை வெறும் பத்து சென்ட். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் நாசாவிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு இப்போது தேவைப்பட்டது மண் அல்ல, ரசீது. நிலவிலிருந்து எடுத்ததை ஒருவர் விற்கலாம், இன்னொருவர் வாங்கலாம் என்பதற்கு உலகின் முன் ஒரு முன்னுதாரணம் வேண்டியிருந்தது. வியாபாரம் என்னவோ சரியாகப் போகவில்லை. மாஸ்டன் 2022-இல் திவாலானது. ஐஸ்பேஸின் இறங்குகலங்கள் 2023 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் நிலவில் மோதி நொறுங்கின. லூனார் அவுட்போஸ்டின் ஊர்தியைச் சுமந்து சென்ற கலம் 2025 மார்ச்சில் தென் துருவப் பகுதியில் இறங்கும்போது ஒரு பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஊர்தி வெளியே வரவே இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் என்ற காகிதம் பிறந்துவிட்டது. சட்டத்தில் காகிதத்துக்கும் எடை உண்டு.

நிலவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை 1967-லேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தத்தை இந்தியா உட்பட 110-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறு எந்த வழியிலோ நிலவையும் பிற விண்பொருட்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அதன் இரண்டாம் பிரிவின் சாரம். 1969-இல் அப்போலோ 11 நட்ட கொடி வெறும் அடையாளம், உரிமை கோரல் அல்ல என்று அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி வைத்தது. தனியாருக்கும் இதில் சந்து கிடையாது. தன் நாட்டு நிறுவனம் விண்வெளியில் எதைச் செய்தாலும் அதற்கு அனுமதி தருவதும் தொடர்ந்து கண்காணிப்பதும் பதில் சொல்வதும் அரசின் கடமை என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. 1980 முதல் நிலவில் மனை விற்கும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. வாங்கியவர்களிடம் இருப்பது சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தக்க காகிதம் மட்டுமே. ஈரோஸ் என்ற சிறுகோளைத் தனது என்று பதிந்து வைத்திருந்த அமெரிக்கர் ஒருவர், 2001-இல் நாசாவின் கலம் அதில் இறங்கியதும் வண்டி நிறுத்தியதற்கு 20 டாலர் வாடகை கேட்டு பில் அனுப்பினார். அமெரிக்க நீதிமன்றம் அவர் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் நிபந்தனைகளில் செவ்வாய் ஒரு சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கு அதிகாரமில்லை என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை: கலத்தின் மீதும் அதில் செல்லும் மனிதர்கள் மீதும் அதைப் பதிவுசெய்த நாட்டின் அதிகாரம் தொடரும் என்கிறது ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு. செவ்வாய்க்குப் போனாலும் ஒருவர் தன் நாட்டுச் சட்டத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறார்.

ஆக, பட்டா பற்றிய வழக்கு முடிந்த வழக்கு. முடியாமல் இருப்பது அனுபவம் பற்றிய வழக்கு. புறம்போக்குத் தகராறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நிலம் யார் பேரிலும் இல்லாமல் இருக்கலாம். முதலில் வந்து வேலி போட்டு, கிணறு வெட்டி, மின் இணைப்பும் வாங்கிவிட்டவரை அங்கிருந்து அசைப்பது சுலபமல்ல. விண்பொருட்கள் விஷயத்திலும் இனி நடக்கப்போவது இதுதான் என்பது என் வாதம். உடைமை பற்றிய விவாதம் நம் கவனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. எந்தச் சில இடங்களில், யார், எத்தனை காலம், மற்றவர்களை எவ்வளவு தூரம் தள்ளி வைத்து இருக்கலாம் என்பதே மனிதனின் விண்வெளி வாழ்வைத் தீர்மானிக்கப்போகும் கேள்வி. அதற்கு விதி இல்லை. விதி எப்படி இருக்கலாம் என்பதற்குப் பூமியில் முன்மாதிரி இருக்கிறது.

முதலில் கனிமங்கள் பற்றி. 1979-இல் ஐ.நா. வழியாக உருவான நிலவு ஒப்பந்தம், நிலவையும் அதன் வளங்களையும் மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக அறிவித்தது. வளங்களை எடுப்பது சாத்தியமாகும் காலத்தில் அதை நடத்த ஒரு சர்வதேச அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. விண்ணுக்கு மனிதனை அனுப்பிய அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதில் சேரவில்லை. இந்தியா 1982-இல் கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது, ஏற்புறுதி செய்யவில்லை. சேர்ந்திருந்த சவூதி அரேபியாவும் 2024 ஜனவரியில் வெளியேறிவிட்டது. இந்த வெற்றிடத்தைத் தேசியச் சட்டங்கள் நிரப்பின: அமெரிக்கா 2015, லக்சம்பர்க் 2017, ஐக்கிய அரபு அமீரகம் 2019, ஜப்பான் 2021. நிலவின் நிலம் யாருடையதும் அல்ல, ஆனால் அதிலிருந்து எடுத்தது எடுத்தவருடையது என்பது இச்சட்டங்களின் சாரம். ஆழ்கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் மீனவருக்குச் சொந்தம் என்ற உவமையை இவற்றின் ஆதரவாளர்கள் காட்டுவார்கள். நம்மில் பலர் கவனிக்காத செய்தி: இந்திய விண்வெளிக் கொள்கை 2023-உம் இதே வழியில்தான் நிற்கிறது. சிறுகோள் வளத்தையோ விண்வெளி வளத்தையோ மீட்டெடுக்கும் இந்தியத் தனியார் நிறுவனம் அதை வைத்திருக்கலாம், சொந்தமாக்கலாம், கொண்டு செல்லலாம், பயன்படுத்தலாம், விற்கலாம் என்று அது அனுமதிக்கிறது, நாட்டின் சர்வதேசக் கடமைகளுக்கு உட்பட்டு.

மீன் உவமை முட்டாள்தனமானதல்ல. எடுத்த பொருள் எடுத்தவருக்கு என்பதை உலகம் நடைமுறையில் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 1970-இல் சோவியத்தின் லூனா 16 கொண்டுவந்த மண்ணின் சில துகள்கள், ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடைகூட வராத அளவு, 1993-இல் நியூயார்க்கின் சோதபீஸ் ஏலத்தில் 4,42,500 டாலருக்கு விலைபோயின. 2018-இல் மறுபடியும் 8,55,000 டாலருக்குக் கைமாறின. எந்த நாடும் இது பொதுச் சொத்து என்று தடுக்க வரவில்லை. மண் இல்லாத நாடுகள் வேறு வழி பார்த்துக்கொண்டன. சந்திரயான்-2 இறங்குகலத்தைச் சோதிக்க இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறையை அரைத்து நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பயன்படுத்தியது. ஆனால் உவமை ஓரிடத்தில் முறிகிறது. மீன் நீந்தும், பெருகும். வலையை எடுத்துக்கொண்டு கப்பல் போய்விட்டால் அடுத்த கப்பல் அதே இடத்தில் வலை வீசலாம். நிலவின் பனி ஒரு பள்ளத்தின் அடியில் உறைந்து கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் போய் உட்கார வேண்டும், ஆண்டுக்கணக்கில். எடுத்தது யாருக்கு என்பதை விட்டுவிடலாம். உட்கார்ந்த இடம் யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதற்கு நிலவின் அமைப்பே காரணம். நிலவின் அச்சு ஏறக்குறைய ஒன்றரை பாகை மட்டுமே சாய்ந்திருக்கிறது. துருவங்களைத் தவிர்த்த இடங்களில் இரவு நம் கணக்கில் பதினான்கு நாள் நீளம். வெப்பநிலை மைனஸ் 170 பாகை செல்சியஸ் வரை இறங்கும். மனிதர்கள் தங்க வேண்டுமென்றால் இத்தனை நீண்ட இரவைத் தாங்கும் மின்சாரம் வேண்டும். துருவத்தில் நிலைமை வேறு. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே வலம்வருகிறது. எனவே உயரமான விளிம்புகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் இருக்கிறது. அருகிலேயே இருக்கும் ஆழ்ந்த பள்ளங்களின் அடித்தரை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சூரியனைப் பார்த்ததில்லை. நிலவில் நீரின் தடயத்தை உறுதிசெய்ததில் 2008-இல் சென்ற நம் சந்திரயான்-1-க்குப் பெரும் பங்கு உண்டு. அதிலிருந்த நாசாவின் கருவிதான் அதைக் கண்டது. 2009 அக்டோபர் 9 அன்று நாசா ஒரு ராக்கெட்டின் காலி அடுக்கைத் தென் துருவத்தை ஒட்டிய கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழுந்த புழுதியை ஆராய்ந்தது. மண்ணின் எடையில் ஐந்தாறு விழுக்காடு நீர் என்று கணக்கு வந்தது. குடிக்க, சுவாசிக்க, பிரித்தால் ராக்கெட் எரிபொருளுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த நீர் உதவும். ஒவ்வொரு லிட்டரையும் பூமியிலிருந்து தூக்கிச் செல்லும் செலவை நினைத்தால், நிலவில் மனிதன் நிலைத்து வாழ்வதும் வாழாமல் திரும்புவதும் இந்தப் பனியைப் பொறுத்தது என்று சொல்லிவிடலாம்.

வெயில் படும் மேடு, பக்கத்தில் பனி உறைந்த பள்ளம், பூமியோடு பேச நேர்பார்வை, இறங்கத் தக்க சமதளம்: இந்த நான்கும் ஒன்றாக அமையும் இடங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. 21 கிலோமீட்டர் அகலமும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள ஷேக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பும் அதை ஒட்டிய மேடுகளும் அவற்றில் முதன்மையானவை. நாசா தன் வீரர்கள் இறங்கத்தக்க 13 பகுதிகளை 2022 ஆகஸ்டில் அறிவித்து, 2024 அக்டோபரில் அதை ஒன்பதாகச் சுருக்கியது. எல்லாமே தென் துருவத்தை ஒட்டியவை. சீனாவின் சாங்இ-7 கலம் குறிவைப்பதும் ஷேக்கிள்டன் பக்கம்தான். (2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென் துருவத்தில் இறங்கியதாக நம் ஊடகங்கள் எழுதின. அது இறங்கியது தென் அட்சரேகை 69 பாகையில். துருவம் அங்கிருந்து இன்னும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். சாதனை குறைந்துவிடவில்லை, ஆனால் போட்டி நடக்கும் இடம் அதுவல்ல.) நிலவின் மொத்தப் பரப்பு மூன்றே முக்கால் கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல் என்ற எண்ணைச் சொல்லி, எல்லாருக்கும் இடமிருக்கிறதே என்று ஆறுதல் தருபவர்கள் இதைத்தான் கவனிக்க மறுக்கிறார்கள். சகாரா பரந்தது என்பதால் அதன் நீரூற்றுகளுக்குச் சண்டை இல்லாமல் போய்விடவில்லை.

ஓரிடத்தில் ஒருவர் இருந்தால் மற்றவர் தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தொலைவில் 1969 நவம்பரில் அப்போலோ 12 இறங்கியது. வீரர்கள் அந்தப் பழைய கலத்தின் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். ஆராய்ந்தபோது, அப்போலோவின் எஞ்சின் கிளப்பிய புழுதி அதை உப்புத்தாள் தேய்த்ததுபோல அராவியிருந்தது தெரிந்தது. காற்றே இல்லாத நிலவில் புழுதி எங்கும் தடைபடாமல் வெகுதூரம் பாயும். இனி இறங்கப்போகும் கலங்கள் இன்னும் கனமானவை. ஆகவே 2020-இல் அமெரிக்கா முன்வைத்த ஆர்டெமிஸ் உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு, ஒவ்வொரு செயல்பாட்டைச் சுற்றியும் ‘பாதுகாப்பு மண்டலம்’ அறிவிக்கலாம் என்று சொல்வதை நான் சதியாகப் பார்க்கவில்லை. மண்டலம் தற்காலிகமானது, வேலை முடிந்தால் அதுவும் முடிய வேண்டும், மற்றவர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் கையெழுத்திட்டுள்ளன; இந்தியா 2023 ஜூனில் இணைந்தது.

பிரச்சினை அந்தப் பிரிவில் எழுதப்பட்டதில் இல்லை, எழுதாமல் விட்டதில் இருக்கிறது. மண்டலத்தின் அகலத்தை முடிவுசெய்வது யார்? அறிவிப்பவரே. வேலை எப்போது முடிகிறது? பனி எடுக்கும் வேலைக்கு முடிவு நாள் ஏது? ஹார்வர்ட் ஸ்மித்சோனியன் மையத்தின் வானியலாளர் மார்ட்டின் எல்விஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016-இல் ஒரு கட்டுரையில் இந்த ஓட்டையைத் துல்லியமாகக் காட்டினார்கள். துருவத்தின் வெயில் மேடு ஒன்றின் மேல் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியை விரித்து, இது சூரியனை ஆராயும் வானொலித் தொலைநோக்கி என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் போதும். அருகில் யார் எதை இயக்கினாலும் ஆய்வு கெடும். பிறர் பணிக்குத் தீங்கான குறுக்கீடு நேரலாம் என்றால் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது விண்வெளி ஒப்பந்தம். மலிவான ஒரு கம்பியைக் கொண்டு, ஓர் அங்குல நிலத்துக்கும் உரிமை கோராமல், அந்த மேட்டை ஒரு நாடு தன் கையில் வைத்துக்கொள்ள முடியும். இது வெறும் கற்பனைப் பயிற்சி என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். 2025 ஆகஸ்டில் நாசாவின் தற்காலிகத் தலைவர், 2030-க்குள் நிலவில் நூறு கிலோவாட் அணு உலை ஒன்றை நிறுவும் திட்டத்தை முடுக்கிவிட்டு அனுப்பிய உத்தரவு காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது: முதலில் உலை வைக்கும் நாடு அதைச் சுற்றி மற்றவர் நுழையக் கூடாத மண்டலம் ஒன்றை அறிவித்துவிடலாம், அமெரிக்கா முந்தாவிட்டால் அதன் திட்டம் முடங்கும். சீனாவும் ரஷ்யாவும் 2021-இல் தொடங்கிய கூட்டு நிலவு ஆய்வு நிலையத் திட்டத்திலும் அணு உலை இருக்கிறது. இரு தரப்பும் நிலவைச் சொந்தம் கொண்டாடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை என்று இரு தரப்புக்கும் தெரியும்.

உரிமை இல்லாமலே ஓரிடத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு அரை நூற்றாண்டு வரலாறு நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு வளையம். அங்கே சுற்றும் செயற்கைக்கோள் தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். தொலைக்காட்சி, தொலைபேசி, வானிலைப் படம் எல்லாவற்றுக்கும் அந்தப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இடம் வேண்டும். 1976 டிசம்பரில் கொலம்பியா, ஈக்வடார், பிரேசில், காங்கோ, சயீர், உகாண்டா, கென்யா, இந்தோனேசியா என்ற எட்டு நாடுகள் பொகோட்டா நகரில் கூடின. இந்தப் பாதை பூமியின் ஈர்ப்பால் உண்டாவது, எனவே அது விண்வெளியே அல்ல, எங்கள் நிலத்துக்கு மேலிருக்கும் துண்டு எங்களுடையது என்று அறிவித்தன. இயற்பியலும் சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. பெரிய நாடுகள் சிரித்து ஒதுக்கின. ஆனால் அந்த அறிவிப்பின் பின்னிருந்த அச்சம் சரியானது. முந்தியவருக்கே இடம் என்ற முறைப்படி, ராக்கெட்டும் பணமும் உள்ளவர்கள் நல்ல இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோளின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டு. அது முடிந்ததும் அதே இடத்தில் புதியது வரும். பெயரில் தற்காலிகம், நடப்பில் பரம்பரை. 74, 83, 93.5 பாகைக் கிழக்கு என்று இந்தியா வைத்திருக்கும் இடங்களும் இப்படித் தொடர்பவைதான். இந்த முறையில் நாம் வெறும் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன்பின் நடந்ததில்தான் பாடம் இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1985, 1988 மாநாடுகளில் ஒரு சமரசத்துக்கு வந்தது. குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும், இன்று செயற்கைக்கோள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரிடமாவது ஒதுக்கி வைக்கப்பட்டது. மற்ற அலைவரிசைகளில் விண்ணப்பித்து, ஏற்கெனவே இருப்பவர்களோடு பேசி ஒருங்கிணைத்து, இடம் பெறலாம். ஏழு ஆண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் விண்ணப்பம் காலாவதி. இதில் ஏமாற்றுகளும் நடந்தன. செயற்கைக்கோளே இல்லாமல் காகிதத்தில் இடம் பிடித்து வைத்தார்கள். பசிபிக் தீவு நாடான டோங்கா 16 இடங்களுக்கு விண்ணப்பித்து, எதிர்ப்பு எழுந்து ஆறோடு நின்று, கிடைத்ததை வாடகைக்கு விட முனைந்தது. ஒவ்வொரு ஏமாற்றுக்கும் ஒரு விதி பிறந்தது. தாழ்ந்த பாதையில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களைக் காகிதத்தில் அடுக்கும் பழக்கம் வந்தபோது, 2019 மாநாடு படிக்கட்டு வைத்தது: குறித்த காலத்திலிருந்து இரண்டு ஆண்டில் பத்து விழுக்காடு, ஐந்து ஆண்டில் பாதி, ஏழு ஆண்டில் முழுவதும் ஏவியாக வேண்டும், ஏவாத அளவுக்கு உரிமை சுருங்கும். இந்த ஒன்றியத்துக்குக் காவல்துறை இல்லை. ஆனாலும் விதி பெரும்பாலும் நிற்கிறது, ஏனெனில் இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் சேவையும் கெடும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: நிலவுக்கே பொருந்தும் விதி ஒன்றும் இதே அமைப்பிடம் இருக்கிறது. பூமியின் இரைச்சல் எட்டாத நிலவின் மறுபக்கத்தை வானொலி வானியலுக்காகக் காக்கும் பிரிவு அதன் விதித் தொகுப்பில் பல காலமாக உண்டு. நிலவின் ஒரு பகுதியை யாருக்கும் பட்டா எழுதாமலே ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

இன்னொரு முன்மாதிரி கடலடியில் இருக்கிறது. அதில் வெற்றியும் தோல்வியும் கலந்திருக்கின்றன. மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ 1967 நவம்பரில் ஐ.நா.வில் ஆற்றிய உரையிலிருந்து, ஆழ்கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்ற கருத்து வளர்ந்து, 1982-இன் கடல் சட்ட உடன்படிக்கையில் சேர்ந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதற்கென ஓர் ஆணையம் இயங்குகிறது. வளர்ந்த நாடு ஒன்று சுரங்கப் பகுதி கேட்டால், சம மதிப்புள்ள இரண்டு பகுதிகளை ஆராய்ந்து காட்ட வேண்டும். ஒன்றை ஆணையம் வளரும் நாடுகளுக்காக நிறுத்திக்கொள்ளும். 1987-இல் உலகிலேயே முதல் முன்னோடி முதலீட்டாளராகப் பதிவானது இந்தியா. மத்திய இந்தியப் பெருங்கடலில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் கிடைத்தது. விதிப்படி அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்து இன்று 75,000 சதுர கிலோமீட்டரில் உரிமை வைத்திருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதற்கான கருவிகளை உருவாக்கி வருகிறது. ஒரு சதுர அடிக் கடற்படுகையும் இந்தியாவுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்தப் பகுதியில் வேறு யாரும் வந்து தோண்ட முடியாது. பட்டா இல்லாமல், எல்லையும் காலமும் குறித்த அனுபவ உரிமை என்றால் இதுதான். தோல்வி எங்கே என்றால், அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. 2025 ஏப்ரலில் அதன் அதிபர், ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு, 1980-இன் அமெரிக்கச் சட்டப்படியே ஆழ்கடல் சுரங்க உரிமங்களை விரைவுபடுத்த உத்தரவிட்டார். பெரிய நாடு வெளியே நிற்கும் ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை இது காட்டுகிறது. 1979 நிலவு ஒப்பந்தம் தோற்றதும் கிட்டத்தட்ட இதனால்தான். வராத லாபத்தைப் பங்கிடுவதிலிருந்து அது பேச்சைத் தொடங்கியது. லாபம் வரும் என்று நம்பியவர்கள் கதவை மூடிக்கொண்டார்கள்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். நிலத்தில் முழு உடைமை இல்லாவிட்டால் யார் முதலீடு செய்வார்கள் என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில் நம் கண்முன் இருக்கிறது. புவிநிலைப் பாதையில் ஓர் அடிகூட யாருக்கும் சொந்தமில்லை. அங்கே கொட்டப்பட்ட பணத்துக்குக் கணக்கில்லை. கடல் எண்ணெய்க் கிணறுகளும் நம் நாட்டின் பெரும்பாலான சுரங்கங்களும் குத்தகையில்தான் நடக்கின்றன. முதலீட்டாளர் கேட்பது நிலத்தை அல்ல, குறித்த காலத்துக்குத் தொந்தரவு வராது என்ற உறுதியை. முழு உடைமை கேட்டு எழும் குரலில், விற்று லாபம் பார்க்கும் நோக்கம்தான் எனக்குத் தெரிகிறது. விண்வெளி எல்லையற்றது, சிறுகோள்களில் கோடானுகோடி டாலர் கனிமம் கிடக்கிறது, நிலவில் சண்டை எதற்கு என்பார்கள் இன்னும் சிலர். ஜப்பானின் ஹயபுசா 2 ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 5.4 கிராம், நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் பென்னுவிலிருந்து 121.6 கிராம். சிறுகோள் சுரங்கம் என்று முழங்கிய இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் 2018, 2019-இல் வேறு நிறுவனங்களுக்குள் கரைந்துபோயின. அந்தக் கோடிகள் இப்போதைக்குப் பத்திரிகைத் தலைப்புகளில் மட்டுமே இருக்கின்றன.

பலமான எதிர்வாதம் ஒன்று வேறு திசையிலிருந்து வருகிறது. காலவரையறை, பதிவேடு என்பதெல்லாம் முந்தியவர்களின் ஆதிக்கத்துக்குச் சட்ட வண்ணம் பூசுவதுதானே, ராக்கெட் இல்லாத நாடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பொதுச் சொத்துக் கொள்கையின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு நீதியைக் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் போன 1979-உம், பாதி நீதியோடு ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடத்தை ஒதுக்கி வைத்த 1988-உம் அருகருகே இருக்கின்றன. ராக்கெட்டே இல்லாத நாட்டின் பெயரில் இன்றும் புவிநிலைப் பாதையில் ஓரிடம் இருக்கிறது. நிலவு ஒப்பந்தம் எந்த ஏழை நாட்டுக்கும் இதுவரை எதையும் தரவில்லை. வல்லரசுகள் எந்த விதியையும் மீறும் என்ற சலிப்புக்கும் இதே வகையில் பதில் சொல்லலாம். 1959-இன் அண்டார்டிகா ஒப்பந்தம் ஏழு நாடுகளின் நில உரிமைக் கோரிக்கைகளை அப்படியே உறையவைத்தது. எந்த உறுப்பு நாடும் மற்றவர் நிலையத்துக்குள் போய்ப் பார்வையிடலாம் என்றது. பனிப்போரின் நடுவிலும் அது நின்றது, மீறுவதால் கிடைப்பதைவிட நிற்பதால் கிடைத்தது அதிகம் என்பதால். நிலவிலும் ஒருவர் புழுதி இன்னொருவர் கருவியைக் கெடுக்கும். தனியாக இருப்பவர் யாரும் அங்கே பாதுகாப்பாக இல்லை.

அப்படியென்றால் விதி எதைச் சொல்ல வேண்டும்? வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளி அலுவலகத்தில் ஒரு பொதுப் பதிவேடு. மண்டலத்தின் அகலத்துக்கு அறிவித்த நாடு இயற்பியல் காரணம் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். மண்டலத்துக்கு ஆயுள் உண்டு, வேலை நின்றால் அதுவும் போகும், புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒரு பகுதியைக் கடற்படுகையைப் போலத் திருப்பித் தர வேண்டும். ஒரு மேடு முழுவதையும் ஒரே கை வைத்துக்கொள்ளக் கூடாது, குறுக்கே போகும் வழியை அடைக்கக் கூடாது. வெயில் விளிம்புகளில் ஒரு பங்கு இன்னும் வராதவர்களுக்காகக் காலியாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் புதிதில்லை. எல்லாமே வேறெங்கோ நடைமுறையில் இருப்பவை. காலம்தான் குறைவு. 1967-இல் ஒப்பந்தம் எளிதாக முடிந்ததற்கு, அப்போது நிலவில் யாருக்கும் இழக்க ஒன்றுமில்லை என்பதே காரணம். முதல் உலையும் முதல் சுரங்கமும் அமர்ந்த பிறகு பேச உட்கார்ந்தால், உட்கார்ந்தவர்களுக்குப் பேச அவசியம் இருக்காது.

ஐ.நா. விண்வெளிக் குழுவின் சட்டத் துணைக்குழு, விண்வெளி வளங்களுக்கான கொள்கைகளை வரைய ஒரு பணிக்குழுவை 2022 முதல் ஐந்தாண்டுத் திட்டத்தோடு நடத்தி வருகிறது. அங்கே இந்தியாவின் குரல் வழக்கத்தைவிட ஓங்கி ஒலிக்க வேண்டும். விண்வெளி ஒப்பந்தம், ஆர்டெமிஸ் உடன்படிக்கை இரண்டிலும் நாம் இருக்கிறோம். நிலவு ஒப்பந்தத்தில் நம் கையெழுத்து இருக்கிறது. கடற்படுகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். மண் எடுத்துவரும் சந்திரயான்-4-க்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்துவிட்டது. துருவப் பகுதியை நோக்கி ஜப்பானோடு சேர்ந்து செல்லும் அடுத்த பயணமும் தயாராகிறது. 2040-க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் கால் வைக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. அப்போது இறங்க இடம் வேண்டுமென்றால் இப்போது விதி வேண்டும். அதற்கு முன் வீட்டுக்குள்ளும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடுத்த கனிமத்தைச் சொந்தமாக்கலாம், விற்கலாம் என்று 2023 கொள்கை தனியாருக்கு உரிமை தந்துவிட்டது. அந்த உரிமைக்கு எல்லையும் கண்காணிப்பும் வகுக்க வேண்டிய விண்வெளிச் செயல்பாடுகள் சட்டத்தின் வரைவு 2017 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.